கணக்குக் கேட்பவர் யார்?

செஞ்சி என்றவுடன் ஜனங்களுக்கு நினைவு வருகிறவன் தேசிங்கு ராஜன். அவனுடைய குதிரையேற்றத்தையும், தோழன் மோவுத்துக்காரனின் விசுவாசத்தையும், இளம் மனைவி உடன்கட்டை ஏறியதையும் கதைப் பாட்டாகவும் கூத்தாகவும் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் இரண்டு ஆற்காடு ஜில்லாக்களிலும் எண்ணிறந்தோர். ஆனால் 1714-ஆம் வருஷத்தில் நடந்த அந்தச் சண்டை எதனால் மூண்டது என்பதைப் பாட்டுக் கேட்டவர்கள் அதிகம் விசாரித்ததில்லை. மூலகாரணம் ஒரு கணக்கு விவகாரம். தேசிங்கின் தந்தை சொரூப சிங், மொகலாய பாதுஷாவின் கீழ் செஞ்சிக் கோட்டைக்குக் கில்லேதாராக இருந்தவர். மேலே செலுத்த வேண்டிய பணத்தில் பாக்கி நின்றது. தந்தை இறந்ததும் மகன் கோட்டையைத் தன் உரிமையென்று எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அந்த உரிமையை ஒப்புக்கொள்ளாமல் பாக்கியைக் கேட்டார். மகன் மறுத்தான். படை வந்தது, இளம் வயதில் அவன் மாண்டான்.

அவனுடைய வீரத்தைப் பற்றி நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. நாம் கவனிக்க விரும்புவது வேறு. கணக்குக் கேட்டவர் நவாப், கேட்கப்பட்டவன் கோட்டைக்குடையவன். அந்தப் பணத்தை வயலில் விளைவித்துக் கொடுத்த குடியானவன் இந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, சாட்சிகூட இல்லை. செஞ்சியின் பூர்வ சரித்திரம் முழுவதும் இப்படித்தான். நாயக்கர்கள் விஜயநகரத்துக்குப் பதில் சொன்னார்கள். பின்னர் பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் பீஜப்பூருக்குப் பதில் சொன்னார்கள். 1677-ல் சிவாஜி வந்தார், எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-ல் மொகலாயர் பிடித்தனர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கொடி மாறியது, கணக்குப் போகும் திசை மாறவில்லை. கோட்டைக்குள் இன்றும் நிற்கிற பெரிய களஞ்சியத்தை நிரப்பியவர்களுக்கு அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். நெல் எங்கே போயிற்று என்று கேட்க அவர்களுக்குப் பாத்தியதை இருந்ததில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியின் உயரத்தைக் கண்டு வியக்கிறார்கள். நாம் மலையடிவாரத்து ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அங்கே இப்போது கில்லேதார் இல்லை. ஓட்டர்கள் இருக்கிறார்கள். பேரூராட்சிக்குக் கவுன்சிலர், சட்டசபைக்கு ஓர் அங்கத்தினர், ஆரணித் தொகுதியின் வழியாகப் பார்லிமெண்டுக்கு ஓர் அங்கத்தினர் என்று மூன்று படிகளில் அவர்கள் ஆட்களை அனுப்புகிறார்கள். சுற்றுக் கிராமங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு மெம்பர், ஒன்றியக் கவுன்சிலர், ஜில்லா ஊராட்சிக் கவுன்சிலர் என்று இன்னும் அதிகம். இத்தனை பேரும் யாருக்குக் கணக்குச் சொல்லுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்த விஷயத்தை அந்தத் தொழிலின் பாஷையில் யோசிப்பது சுலபமாக இருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுக்கிறார். வக்கீல் தம் புத்தியை உபயோகித்து வாதாடலாம்; எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எந்தப் பாயிண்டை விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் இஷ்டம். ஆனால் கேஸ் கட்டு கட்சிக்காரருடையது. வக்கீல் சரியில்லையென்று தோன்றினால், கோர்ட்டின் அனுமதி பெற்று வக்காலத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஓட்டர் கொடுக்கும் வக்காலத்து இந்த மாதிரிப்பட்டது அன்று. கொடுத்தால் ஐந்து வருஷத்துக்குக் கொடுத்ததுதான். நடுவில் திருப்பிக்கொள்ள வழி இல்லை. சபையில் இன்ன விதமாகத்தான் ஓட்டளிக்க வேண்டும் என்று கட்டளையிடவும் முடியாது. சபையில் பேசிய பேச்சுக்கோ அளித்த ஓட்டுக்கோ எந்தக் கோர்ட்டிலும் அங்கத்தினரை இழுக்க முடியாதென்று அரசியல் சட்டத்தின் 105, 194-ஆவது ஷரத்துக்கள் காவல் நிற்கின்றன.

இது தவறான ஏற்பாடு என்று நாம் சொல்லவில்லை. 1774-ல் பிரிஸ்டல் நகரத்தில் எட்மண்ட் பர்க் தம் ஓட்டர்களிடம், தம் உழைப்போடு தம் விவேகத்தையும் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பதாகவும், அவர்களுடைய அபிப்பிராயத்துக்காக அந்த விவேகத்தைப் பலியிட்டால் அவர்களுக்கே துரோகம் செய்தவராவார் என்றும் விளக்கினார். கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். சட்டசபை அங்கத்தினர்களுக்கு இது மிகவும் சௌகரியமான பாடம். ஆனால் கதையின் பின்பாதியை யாரும் பாடப்புத்தகத்தில் சேர்ப்பதில்லை. ஆறு வருஷம் கழித்து, 1780 செப்டம்பரில், அதே பர்க் அதே பிரிஸ்டலில் ஊர் மண்டபத்தில் எழுந்து நின்று, ஐர்லாந்தின் வியாபாரத்துக்குச் சாதகமாகவும் கத்தோலிக்கர்களின் சிரமத்தைக் குறைப்பதற்கும் தாம் ஏன் ஓட்டளித்தார் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஓட்டர்களில் பலருக்கு அந்தக் காரியங்கள் பிடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். சொல்லி முடித்து, ஆதரவு போதாதென்று கண்டு, போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். சுயேச்சையாக நடப்பேன் என்றவர், நடந்ததற்குக் கணக்கும் ஒப்பித்தார். நம் நாட்டில் பர்க்கின் முதல் பிரசங்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

செஞ்சி அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே இதற்கு ஒரு நல்ல திருஷ்டாந்தம் உண்டு. 1951-52-ல் வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டுரிமையுடன் நடந்த முதல் பொதுத் தேர்தலில், சென்னை ராஜ்யத்தின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. அதுவரை ஓட்டுச் சாவடியின் வாசலைக் கண்டிராத விவசாயக் குடும்பங்கள், தென்னாற்காட்டில் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியையும், வட ஆற்காட்டில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியையும் காங்கிரஸுக்கு எதிராக நிறுத்தி ஜெயிக்கச் செய்தன. சட்டசபையில் முன்னதற்கு 19 பேர், பின்னதற்கு 6 பேர். பெரிய காரியந்தான். ஆனால் ராஜாஜி மந்திரி சபை அமைத்தபோது மாணிக்கவேலு நாயக்கர் அதில் மந்திரியானார். 1954-ல் காமராஜ் மந்திரி சபையில் படையாட்சியாரும் மந்திரியானார். இரண்டு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன.

அப்படிச் செய்தது துரோகம் என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிட நாம் தயாராயில்லை. அதுவரை அதிகாரத்தின் வாசற்படி ஏறாத ஒரு பெருங்கூட்டத்தின் ஆட்கள் மந்திரி சபையில் உட்கார்ந்தது அந்த ஜனங்களுக்கே ஒரு லாபமென்று வாதிக்க இடம் உண்டு. எதிர்க்கட்சி வரிசையில் 19 பேராக உட்கார்ந்து ஐந்து வருஷம் கோஷமிடுவதைவிட அது மேல் என்று ஓட்டர்களே சொல்லியிருக்கவும் கூடும். கேட்டிருந்தால்! கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காங்கிரஸுக்கு எதிராகப் போட்ட ஓட்டு காங்கிரஸ் மந்திரி சபைக்குத் தூணானதில், ஓட்டைப் போட்டவர் மறுபடியும் சாட்சிக் கூண்டுக்கு வெளியேதான் நின்றார்.

கட்சி மாறுவது பின்னால் பெரிய வியாபாரமாயிற்று. அதைத் தடுக்கவென்று 1985-ல் அரசியல் சட்டத்தில் 52-ஆவது திருத்தம் செய்து பத்தாவது அட்டவணையைச் சேர்த்தார்கள். 2003-ல் 91-ஆவது திருத்தத்தால் அதை இன்னும் இறுக்கினார்கள். நோக்கம் நல்லது, ஓட்டரின் தீர்ப்பைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் சொல்லப்பட்டது. விளைந்தது என்ன? கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவி போகும். தொகுதி ஜனங்களின் விருப்பத்தை மீறி ஓட்டளித்தால் ஒன்றும் போகாது. கட்சியின் கட்டளையும் தொகுதியின் நன்மையும் முரண்படும் நாளில் அங்கத்தினர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. ஓட்டரைக் காப்பாற்றப் போட்ட வேலி, அங்கத்தினரைக் கட்சி மேலிடத்தின் கில்லேதாராக ஆக்கிவிட்டது.

2017-ல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளுங்கட்சியைச் சேர்ந்த 18 சட்டசபை அங்கத்தினர்கள் முதல் மந்திரியிடம் நம்பிக்கை இல்லையென்று கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ல் சபாநாயகர் அவர்களுடைய பதவியைப் பறித்தார். ஹைகோர்ட்டில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி பறித்தது செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தபோது 2019 ஏப்ரல், மே மாதங்கள் ஆகிவிட்டன. பெரம்பூர் முதல் விளாத்திகுளம் வரையில் 18 தொகுதிகள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் சட்டசபையில் ஆள் இல்லாமல் இருந்தன. சபாநாயகர் செய்தது சரியா, அந்தப் பதினெண்மர் செய்தது சரியா என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. அந்த ஒன்றரை வருஷத்தில் நிறைவேறிய வரவு செலவுத் திட்டத்துக்கு அந்தப் பதினெட்டுத் தொகுதி ஜனங்களின் சம்மதம் எங்கே என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை.

இதுவாவது பதினெட்டுத் தொகுதிகளின் கதை. செஞ்சியையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் நேரே தொட்ட விஷயத்துக்கு இப்போது வருகிறோம்.

ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபர் 24-ல் முடிந்தது. அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் நடப்பதாக இருந்தது. வார்டு ஒதுக்கீட்டில் குறை இருப்பதாக வழக்கு வர, ஹைகோர்ட் அக்டோபர் 4-ல் தேர்தல் அறிவிப்பை ரத்துச் செய்து, டிசம்பர் 31-க்குள் புதிதாக நடத்தும்படி சொன்னது. டிசம்பர் 31 கடந்தது. அடுத்தடுத்துக் கொடுத்த கெடுக்களும் கடந்தன. வார்டு எல்லை வரையறை என்றார்கள், மேல்முறையீடு என்றார்கள். 2019-ல் ஜில்லாக்களைப் பிரித்தார்கள். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனியாயிற்று. அதன் பலன், 2019 டிசம்பரில் 27 ஜில்லாக்களில் கிராமப்புறத் தேர்தல் நடந்தபோது, பிரிவினைக்கு உட்பட்ட ஒன்பது ஜில்லாக்களை ஒதுக்கி வைக்கும்படி சுப்ரீம் கோர்ட் சொல்ல நேர்ந்தது. விழுப்புரம் அந்த ஒன்பதில் ஒன்று. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஓட்டுப் போட்டது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். செஞ்சிப் பேரூராட்சி ஓட்டுப் போட்டது மற்ற நகரங்களோடு சேர்ந்து 2022 பிப்ரவரி 19-ல்.

விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். கிராமத்துக்குச் சுமார் ஐந்து வருஷம்; பட்டணத்துக்கு அதற்கும் மேல். ஒரு முழுப் பதவிக்காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாமலே கழிந்தது. பஞ்சாயத்துக்கு 243-இ, நகரசபைக்கு 243-யு என்ற ஷரத்துக்கள், ஐந்து வருஷம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டுமென்று ஐயத்துக்கிடமில்லாமல் சொல்லுகின்றன. அவை ஏட்டில் இருந்தன. ஊரில் விசேஷ அதிகாரி இருந்தார்.

அந்த அதிகாரிகளைக் குறை சொல்லுவது நம் நோக்கமன்று. அவர்களில் யோக்கியர் பலர். தெருவிளக்கு எரிந்தது, குப்பை அள்ளப்பட்டது. ஆனால் விசேஷ அதிகாரி தமக்கு மேலுள்ள அதிகாரிக்குக் கணக்குச் சொல்லுகிறவர். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரர் அவரிடம் விண்ணப்பிக்கலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்திலேதான், 2018 ஜூலையில், நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தச் சர்க்கார் உத்தரவிட்டது. வீட்டுக்கு 50 சதவிகிதம் வரையிலும், மற்றக் கட்டிடங்களுக்கு 100 சதவிகிதம் வரையிலும் உயரலாம் என்று ஏற்பாடு. வரி போடும் சபை இல்லை. வரி மட்டும் வந்தது. பிரதிநிதி இல்லாத சபைக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று அமெரிக்கக் குடியேற்றத்தார் சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நின்ற கதையை நாம் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். அந்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே மாதத்தில், பேரூராட்சித் தலைவரை ஓட்டர்கள் நேரே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை மாற்றி, கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பது என்று அவசரச் சட்டம் வந்தது. 2011-ல் செஞ்சிவாசிகள் கையில் இருந்த ஓர் உரிமை, கேட்பதற்குச் சபை இல்லாத வேளையில் கைமாறிப் போயிற்று.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு முனிசிபாலிடியைக் கலைத்து ஸ்பெஷல் ஆபீசரைப் போட்டால் தேசபக்தர்கள் கண்டனக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது வழக்கம். 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சியை இந்தியர்களுக்கு ஒரு ராஜீய பாடசாலையென்று கருதிக் கொடுத்தார். கொடுத்தது போதாதென்று நம் முன்னோர் போராடினார்கள். சுயராஜ்யம் வந்த பிறகு நம்மவர்களே பாடசாலையைப் பூட்டினால் நமக்குக் கோபம் வருவதில்லை. இது 2016-ல் முளைத்த வியாதியும் அன்று. தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-ல், அதற்கப்புறம் 1996-ல். வெவ்வேறு கட்சிகள் மாறி மாறி ஆண்ட வருஷங்கள் இவை. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 27 ஜில்லாக்களின் ஊராட்சிகளுக்கும் 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, மறுபடியும் விசேஷ அதிகாரிகள் வந்தார்கள். அதிகாரத்தில் உள்ளவர்களுக்குத் தேர்தலைத் தள்ளிப்போடக் காரணம் எப்போதும் கிடைக்கும். நம்மை வருத்துவது, தள்ளிப்போட்டால் யாரும் தேடமாட்டார்கள் என்ற அவர்களுடைய தைரியம். செஞ்சிக் கடைவீதியிலும் நெல் மூட்டைகள் வந்து குவிகிற விற்பனைக் கூடத்திலும் அந்த ஐந்து வருஷத்தில் இதற்காக வியாபாரம் நின்றதாகத் தெரியவில்லை. கடையடைப்பு எத்தனையோ காரணங்களுக்காக நடக்கிறது. எங்கள் கவுன்சிலரை எங்களுக்குத் தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று கதவடைத்த ஊர் எது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

ஏன் தேடவில்லை என்பதற்கு ஓட்டர்களும் பதில் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் வக்கீலுக்குப் பீஸ் கொடுப்பது உலக வழக்கம். வக்கீலிடமிருந்து கட்சிக்காரரே பீஸ் வாங்கிக்கொண்டால் அந்த வக்கீல் யாருக்கு வக்கீல்? நம் தேர்தல்களில் ஓட்டுக்குப் பணம் கொடுப்பது 2009-ல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் ஒரு சூத்திரமாகவே பெயர் பெற்றுவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர். கே. நகரிலும், 2019-ல் வேலூர் பார்லிமெண்ட் தொகுதியிலும் பண விநியோகத்தின் காரணமாகத் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. ஊராட்சித் தேர்தல்களில் இன்னும் ஒரு படி மேலே போய், தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விட்டதாக 2019-லும் 2021-லும் செய்திகள் வந்தன. ஏலத் தொகை கோயில் கும்பாபிஷேகத்துக்குத்தானே, யார் வீட்டுக்குப் போகிறது என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. ஏலம் எடுத்தவரிடம் பிறகு யார் கணக்குக் கேட்க முடியும்? விலை கொடுத்து வாங்கிய மாட்டுக்குப் பாலைப் பற்றிக் கணக்குக் காட்டு என்றால் சிரிக்க மாட்டாரா? ஏலமிடுகிற ஊரில் தாழ்த்தப்பட்டவரும் பெண்களும் வாய் திறக்க முடியாமல் போவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு ஊர் முழுவதும் ஒரே மனதாக முடிவு செய்தது என்று சொல்லப்படும் இடங்களில், அந்த மனதில் யார் யார் சேர்த்தி என்று விசாரிப்பது பத்திரிகைகளின் கடமை.

இனிச் சட்டம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவரை ஊர் ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவர் தவறு செய்தால் அவரை நீக்குகிறவர் கலெக்டர். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு கலெக்டருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. வார்டு மெம்பர்களின் அபிப்பிராயத்தைத் தாசில்தார் கேட்டுக்கொள்வார்; ஓட்டுப் போட்ட ஊரைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மறுபடியும் நவாபும் கில்லேதாரும்! நியமித்தவர் ஒருவர், நீக்குகிறவர் வேறொருவர் என்றால், பதவியில் இருப்பவர் யாருடைய முகத்தைப் பார்ப்பார்?

செஞ்சியிலிருந்து அதிக தூரமில்லை உத்தரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் வருஷங்களில், சபைக்கு வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வது. நம் மேடைப் பிரசங்கிகள் இதைச் சொல்லி உலகத்துக்கே ஜனநாயகத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தான் என்று மார்தட்டுவார்கள். அவ்வளவு தூரம் நாம் போகமாட்டோம். அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆடவர்களுக்கே இடம். குலுக்கல்தானே ஒழிய ஓட்டு இல்லை. மார்தட்டலில் ஒருவரும் கவனிக்காத ஒரு விதி அந்தக் கல்லில் இருக்கிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்கள் மறுபடியும் வாரியத்துக்கு அருகரல்லர். அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது. சபையின் காரியத்துக்குச் சபையிடமே கணக்கு. மேலே சோழச் சக்கரவர்த்தி இருந்தபோதிலும் கணக்குக் கேட்டவர்கள் அந்த ஊர்ச் சபையார். குடவோலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு விதியை இன்றைய தேர்தல் சட்டத்தில் சேர்க்கச் சொன்னால், நாமும் அவர்களோடு சேர்ந்து மார்தட்டுவோம். வாரிசுகள் மலிந்த இந்தக் காலத்தில் உறவினரைப் பற்றிய பகுதி விசேஷமாகப் பயன்படும்.

தேர்ந்தெடுத்தவரைத் திருப்பியழைக்கும் உரிமை வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். 1974-ல் லோக்சபையில் சி. கே. சந்திரப்பன் அதற்காக ஒரு மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களைத் திருப்பியழைக்கச் சட்டத்தில் இடம் வைத்தார்கள். சிலர் பதவி இழந்ததும் உண்டு. நமக்கு இதில் உற்சாகம் இல்லை. பதவியை ஏலம் விடத் தெரிந்த இடத்தில் திருப்பியழைப்பையும் ஏலம் விடுவார்கள். ஒதுக்கீட்டில் வந்த ஓர் ஏழைப் பெண் தலைவரைத்தான் முதலில் திருப்பியழைப்பார்கள். ஊரை அடக்கி வைத்திருக்கும் பணக்காரரை அன்று.

நமக்கு வேண்டியது இருக்கிற சட்டத்தை உபயோகிப்பது. கிராம சபை என்பது ஊரிலுள்ள ஓட்டர்கள் எல்லோரும் அங்கம் வகிக்கும் சபை. அதில் யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் கூடிவந்ததோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாட்கள் சேர்ந்தன. ஊராட்சியின் வரவு செலவைப் பார்ப்பதும் தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பதும் அதன் அதிகாரம். இந்தச் சபையின் பலத்தை ஜனங்களைவிடச் சர்க்கார்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. 2020 அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தைத் தொற்றுநோயைக் காரணம் காட்டி ரத்துச் செய்தார்கள். சாராயக் கடையில் கூடினால் பரவாத நோய், கணக்குக் கேட்கக் கூடினால் பரவும் போலும். செஞ்சி பேரூராட்சியாகையால் அதற்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்கென்று வார்டுக் குழு, பகுதி சபை என்னும் ஏற்பாட்டுக்கு 2022-ல்தான் விதிகள் செய்தார்கள். விதி இருந்தால் போதாது. கூட்டம் என்று நடக்கிறது என்று வார்டில் உள்ள ஒருவராவது எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. சென்ற வருஷம் வந்த பணம் எவ்வளவு, எந்தத் தலைப்பில் செலவாயிற்று, வேலையை யார் எடுத்தார், தணிக்கையாளர் என்ன ஆட்சேபம் எழுதினார் என்று கேட்டால் போதும். வாய்மொழிப் பதிலை ஏற்க வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்திட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் உள்ள ஊர்களில் இந்த எச்சரிக்கை அவசியம். சட்டசபை அங்கத்தினரிடமும் இதே விதமாக, சபையில் எத்தனை நாள் இருந்தார், எந்த மசோதாவில் எப்படி ஓட்டளித்தார், தொகுதி நிதியை எதற்குக் கொடுத்தார் என்று தொகுதியின் சங்கங்கள் வருஷம் ஒரு முறையாவது எழுதிக் கேட்கட்டும். பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையே அச்சிட்டு ஒட்டலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

விழுப்புரம் ஜில்லாவின் ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் பதவி ஏற்றவர்களுக்கு 2026 அக்டோபரோடு ஐந்து வருஷம் பூர்த்தியாகிறது. செஞ்சிப் பேரூராட்சியின் கவுன்சில் கூடியது 2022 மார்ச்சில். அதன் காலம் 2027 மார்ச் வரை. இந்தத் தேதிகளை ஓட்டர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். தேதி கடந்து தேர்தல் நடவாமல் விசேஷ அதிகாரி வந்தால், 243-இ ஷரத்தையும் 243-யு ஷரத்தையும் குறிப்பிட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஜில்லா கலெக்டருக்கும் முதல் வாரத்திலேயே ஊரார் கையெழுத்திட்ட மனு போக வேண்டும். சட்ட நுணுக்கம் அறிந்தவர் ஊரில் இல்லையென்றால் மனுவின் வாசகத்தை நாம் எழுதித் தருகிறோம், கட்டணம் இல்லை. அனுப்பிய மனுவின் நகலும், அதற்கு வந்த பதிலும் நமக்குக் கிடைத்தால், ஊர்ப் பெயருடனும் தேதியுடனும் இந்தப் பக்கத்தில் அப்படியே பிரசுரிப்போம்.